மூன்று பட்டியல்களும் ஒரு வாக்கும்

புதுவை மண்ணில் வாக்குரிமை வளர்ந்த வரலாற்றை நம் இளைஞர் பலர் அறியார். 1954க்கு முன் நம் முன்னோர்க்கு வாக்கே இல்லை என எண்ணுவோரும் உளர். உண்மை அதற்கு மாறானது. சென்னை மாகாணத்து ஏழை எளியவர்க்கு வாக்கு எட்டாக் கனியாய் இருந்த காலத்தில், எல்லைக்கு இப்பால் பிரெஞ்சிந்தியாவில் வயது வந்த ஆடவர்க்கு வாக்கிருந்தது. ஆயினும் அவ்வாக்கு எந்தப் பட்டியலில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் எடை அமைந்தது. இந்த எடைக் கணக்கையே வெள்ளி விழா மலரில் நாம் எழுத விழைகின்றோம்.

1848ஆம் ஆண்டுப் புரட்சியின் பயனாய்ப் பிரான்சில் பிறந்த பொது வாக்குரிமை கடல் கடந்து இங்கும் வந்தது. இடையில் மறைந்து, 1871இல் மீண்டும் வந்தது. 1880இல் கொம்யூன்தோறும் நகரமன்றங்கள் அமைந்தன. நம் உழவர்கரையும் அன்று ஒரு கொம்யூன் ஆயிற்று. மேரிக் கட்டடத்தின் வாயிலில் சேரிவாழ் மக்களும் வாக்காளராய் வந்து நின்றதைச் சாதி இந்துக்கள் எங்ஙனம் நோக்கியிருப்பர் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் வெளிவந்த ஆணை நம் வரலாற்றில் தனியே குறிக்கத்தக்கது. சாதி வழக்காறுகளைச் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்க விரும்புவோர் அதனை அதிகாரி முன்னிலையில் எழுதிக் கொடுத்துக் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ளலாம். இங்ஙனம் துறந்தவர்களே ரெனோன்சான்கள் எனப்பட்டனர். ஒருமுறை துறந்தால் மீள வழியில்லை. முன்னணியில் நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை உயர்குலத்தவரே. ஆயினும் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட குலத்தாரும் இவ்வழியில் பெருந்தொகையாய்ச் சென்றனர். பிரெஞ்சுப் பெயர் மேல் கொண்ட மோகத்தால் சென்றனர் என ஏளனம் செய்வாரை நாமும் கண்டதுண்டு. பிறப்பால் வந்த இழிவைச் சட்டத்தின் வாயிலாய் உதறிவிட முயன்றோரை ஏளனம் செய்வது எளிது. அவர் இடத்தில் நின்று பார்ப்பது அரிது.

இவ்வெழுச்சியைக் கண்டு அஞ்சிய பழமைவாதிகளின் தலைவராய்ச் சண்முக வேலாயுத முதலியார் விளங்கினார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு புதுவைத் தேர்தல்கள் அவர் கைக்குள் அடங்கியிருந்தன. 1884இல் வாக்காளர் மூன்று பட்டியல்களாய்ப் பிரிக்கப்பட்டனர். ஐரோப்பியரும் அவர் வழிவந்தோரும் முதற்பட்டியல்; ரெனோன்சான்கள் இரண்டாவது; ஏனைய இந்தியர் மூன்றாவது. ஒவ்வொரு பட்டியலும் தன் உறுப்பினரைத் தனியே தேர்ந்தது. விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியரின் வாக்கு, பல்லாயிரவர் வாக்கினும் கனத்தது. 1899இல் இரண்டாம் பட்டியலும் ஒழிக்கப்பட்டது. கடுமையான தகுதிகளை நிறைவு செய்த ஒரு சிலர் முதற்பட்டியலில் ஏற, எஞ்சிய ரெனோன்சான்கள் தாம் துறந்து வந்த கூட்டத்தோடு மீண்டும் சேர்க்கப்பட்டனர். சாதியைத் துறக்கலாம்; பட்டியலைத் துறக்க முடியவில்லை. 1945இல்தான் பட்டியல் பாகுபாடு நீங்கியது. பெண்டிரும் வாக்குப் பெற்றனர்.

எல்லைக்கு அப்பால் 1932இல் எழுந்த தனித்தொகுதிப் பூசலை நாம் அறிவோம். அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் வட்டமேசை மாநாட்டில் வாதாடிப் பெற்ற தனி வாக்குரிமை, பூனா ஒப்பந்தத்தால் கூட்டு வாக்குரிமையாய் மாறி, இடங்கள் மட்டும் 148 ஆயின. அந்த ஒப்பந்தமும் புதுவையைத் தொடவில்லை. நமக்கெனத் தனித்தொகுதிகள் வந்தது, இந்திய ஆட்சிப்பரப்பாகி 1964இல் நடந்த முதற் சட்டமன்றத் தேர்தலின்போதுதான்.

இணைப்பின் வரலாறும் இத்தொடர்பில் எண்ணத்தக்கது. சந்திரநாகூர் மக்கள் 1949 ஜூன் 19இல் தாமே வாக்களித்து இந்தியாவோடு சேர முடிவு செய்தனர். புதுவையிலோ 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். முடிவு சரியானதே. எனினும் மக்கள் நேரே கேட்கப்படவில்லை என்பதை வரலாறு எழுதுவோர் மறைத்தல் ஆகாது.

அடுத்து வட்டாரப் பூசல். புதுவை, காரைக்கால், மாகி, ஏனாம் என நான்கு துண்டுகளாய்த் தமிழ், மலையாள, தெலுங்கு நாடுகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் ஆட்சிப்பரப்பு இது. 39 இடங்கள் கொண்ட 1955ஆம் ஆண்டு மன்றத்தில் காரைக்காலுக்கு 12 இடங்கள். 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் 30க்கு 6. தொகுதி மறுசீரமைப்பின்பின் 2011 முதல் 5. மாகி மூன்றிலிருந்து ஒன்றாயிற்று. மக்கள்தொகைக் கணக்கு அவ்வாறு கூறுகிறது என்பர். காரைக்காலாரின் மனக்கசப்பும் பொருளற்றதன்று. 1979இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இப்பகுதிகளை அண்டை மாநிலங்களோடு சேர்க்கலாம் என்றபோது புதுவை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. தம்முள் பூசலிடும் பகுதிகள் அன்று ஒருங்கே நின்றன.

முப்பது பேரைத் தவிர மூவரை நடுவண் அரசு நியமிக்கலாம் என 1963ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. புதுவை அரசைக் கேளாமலே நியமிக்கலாம், அவர்க்கு வாக்குரிமையும் உண்டு என உச்சநீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. எவர் வாக்கும் பெறாதவர் அமைச்சரவையின் ஊழைத் தீர்மானிக்கலாம் என்றால், 1884இன் முதற்பட்டியல் நம் நினைவில் எழாமல் இராது.

தனித்தொகுதிகள் ஐந்து: திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், நெடுங்காடு. ரெட்டியார்பாளையத்தில் வாழும் நாம் பொதுத்தொகுதி வாக்காளர்கள். ஆகவே நமக்கு அருகிலுள்ள ஆட்சிமன்றம் உழவர்கரை நகராட்சியே. ஆங்கு வார்டு ஒதுக்கீட்டால் நம்மவர் அமர வாய்ப்புண்டு. ஆனால் 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தல், அடுத்து 2006இல்தான், அதாவது 38 ஆண்டுகள் கழித்துத்தான் நடந்தது. அம்மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தல், வார்டு ஒதுக்கீட்டுக் குளறுபடிகள் நீதிமன்றம் சென்றமையால் நின்றுபோயிற்று. அந்த ஆண்டுகளிலெல்லாம் தெருக்குழாய்க்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் நாம் மனு எழுதிக் கொடுத்தது, நம் வாக்கால் வந்த உறுப்பினரிடம் அன்று. நியமனத்தால் வந்த அதிகாரியிடம்.