மட்டக்களப்புக் கோட்டை

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு வாவியால் சூழப்பட்ட புளியந்தீவின் ஓரத்தில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. இலங்கையில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய முதற் கோட்டை இதுவே. ஆங்கிலேயர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பின்னரும் நெடுங்காலம் மாவட்ட நிருவாக அலுவலகமான கச்சேரி இதற்குள் இயங்கியது. ஊரின் வரலாற்றையும் வாவியையும் ஒருசேரப் பார்க்க விரும்புவோர் முதலில் வந்து நிற்கும் இடமும் இதுதான்.

காலிக் கோட்டையையோ யாழ்ப்பாணக் கோட்டையையோ பார்த்துவிட்டு வருபவருக்கு இது மிகச் சிறியதாகத் தோன்றும். நான்கு மூலைகளில் நான்கு கொத்தளங்கள்; இரு புறம் வாவி, மற்ற இரு புறம் அகழி. மதிலில் பழைய பீரங்கிகள் உள்ளன. வாசலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்து முத்திரையைக் காணலாம். உள்ளே சிறிய அருங்காட்சியகமும், பழைய தாதுகோபம் ஒன்றின் எச்சமும் இருக்கின்றன. கோட்டையின் பெருமையை அறிய மதிலின் உயரத்தை அளப்பதில் பயனில்லை. அது எந்த நீர்வழியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கடலிலிருந்து பாலமீன்மடு முகத்துவாரம் வழியே உள்ளே வரும் படகு கல்லடியைத் தாண்டியதும் இந்த மதிலைக் கடந்தே போக வேண்டும்.

கோட்டைக்கு முந்திய கதை

கண்டி இராச்சியத்துக்குக் கிழக்குக் கரையே கடல் வாசல். 1602இல் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கித்தான் கண்டிக்குப் போய் மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அவருக்குப் பின் வந்த செபால்ட் டி வேர்ட் மன்னனோடு முரண்பட்டார். 1603இல் மட்டக்களப்பிலேயே தம் ஆட்கள் பலருடன் கொல்லப்பட்டார். அந்நியருடன் கண்டி பேசும் பேச்சு இந்த வாவி வழியே நடந்ததைப் போர்த்துக்கேயர் கவனிக்காமல் இல்லை. ஆளுநர் கொன்ஸ்தந்தீனு டி சா முதலில் 1624இல் திருகோணமலையிலும் பிறகு 1628இல் புளியந்தீவிலும் கோட்டை எழுப்பினார். கண்டிக்குக் கடலை அடைப்பதே நோக்கம்.

1638

அடைப்பு பத்தாண்டுதான் நீடித்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தான். அட்மிரல் அடம் வெஸ்டர்வோல்டின் கப்பல்கள் வந்தன. கண்டிப் படை தரையில் நின்றது. 1638 மே 18ஆம் திகதி, சில மணி நேரப் பீரங்கித் தாக்குதலுக்குப் பின் போர்த்துக்கேயர் சரணடைந்தனர். ஐந்தே நாளில், மே 23 அன்று, மட்டக்களப்பிலேயே மன்னனும் அட்மிரலும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை விரட்ட வேண்டும். செலவை மன்னன் கறுவா முதலிய பொருள்களால் ஈடுசெய்ய வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவைப் பற்றி இன்றும் பேசப்படுகிறது. கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படையை நிறுத்துவது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற நிபந்தனை ஒரு பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் கையில் இருந்த பிரதியில் இல்லை. அடுத்த பல ஆண்டுச் சண்டைக்கு அந்த விடுபாடே வித்து. எழுத்தரின் கைப்பிசகு என்று சொல்லிக் கடந்துவிட முடியாத அளவுக்கு அது ஒரு தரப்புக்கு வாய்ப்பாக அமைந்தது.

மட்டக்களப்பு மீண்டும் சில காலம் மன்னன் பக்கம் போனது. 1660களின் இறுதியில் ஒல்லாந்தர் திரும்பி வந்து தங்கிவிட்டனர். 1795இல் ஐரோப்பாவில் ஒல்லாந்து பிரெஞ்சுக்காரர் வசமானதும், ஆங்கிலேயர் திருகோணமலையைத் தொடர்ந்து செப்டெம்பரில் இதையும் எடுத்துக்கொண்டனர்.

கச்சேரிக் காலம்

என்னைக் கேட்டால், இந்தக் கோட்டையின் வரலாற்றில் பீரங்கிக் காலத்தைவிடக் கச்சேரிக் காலமே கனமானது. காரணம் வாவியின் இயல்பில் இருக்கிறது.

மட்டக்களப்பு வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு சேரும் வாய்கள் இரண்டு: பாலமீன்மடுவில் ஒன்று, கல்லாற்றில் ஒன்று. வறண்ட மாதங்களில் கடல் அலை மணலைக் கொண்டுவந்து இந்த வாய்களை மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை பிடித்ததும் முந்தனை ஆறு பெருகும். உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்களின் வான்நீரும் வாவிக்குள் இறங்கும். வெளியேற வழியில்லாமல் நீர் மேற்குக் கரை வயல்களில் ஏறும். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும். மணல் திட்டில் சிறு வாய்க்கால் போட்டால் போதும். மீதியை நீரே அரித்துக்கொள்ளும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் சச்சரவு. வேளாண்மை மூழ்குவதற்கு முன் வெட்டச் சொல்வார் விவசாயி. நேரங்கெட்ட நேரத்தில் திறந்தால் வாவி வற்றி, இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்பார் மீனவர். இரு தரப்பும் முறையிடப் போகும் இடம் மாவட்ட நிருவாகம். அந்த நிருவாகம் இருந்ததோ இந்த மதிலுக்குள். கண்டிக்குக் கடலை அடைக்க வாவியின் வாயைக் காத்த கோட்டை, பிறகு அதே வாயைத் திறக்கவும் மூடியே விடவும் ஆணையிடும் அலுவலகமானது. மாவட்டச் செயலகத்துக்குத் திராய்மடுவில் புதிய கட்டடம் எழுந்தபின் அந்த முறைப்பாடுகளும் அங்கே போகின்றன.

வாவியைச் சுற்றிய மக்கள்

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பட்டி எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமான பகுதி படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம், படும் பக்கம் என்று திசை சொல்லும் இந்தப் பிரிவுதான் மட்டக்களப்பின் சமூகப் படம். நெல் ஒரு கரையில்; மீனும் தென்னையும் நெருக்கமான குடியிருப்பும் மறு கரையில். முக்குவச் சமூகத் தலைமைகள், நிலக்கிழார்களான போடியாரின் வயல்கள், காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்கள் என எல்லாரையும் இணைத்தது தோணியும் ஓடத்துறையும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் படுவான்கரை 2007 வரை பல ஆண்டுகள் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அப்போது வாவியே எல்லைக் கோடானது.

கோட்டையின் ஐரோப்பியர் போனாலும் அவர்களின் மொழி முழுதும் போகவில்லை. ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் இன்றும் பேசப்படுகிறது. ஆங்கிலேயர் காலம் விட்டுச்சென்றவை ஒரு பள்ளியும் ஒரு பாலமும். 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஓராண்டுக்குள் இறந்துவிட்டார். அவர் தொடங்கிய பள்ளி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிலைத்தது. 1924இல் கல்லடியில் லேடி மானிங் பாலம் திறக்கப்பட்டபோது எழுவான்கரைக்கான ஓடம் தேவையற்றதாயிற்று. 2013இல் அருகிலேயே புதிய பாலம் வந்தது; பழைய இரும்புப் பாலம் பக்கத்தில் நிற்கிறது.

பாடும் மீன்

மட்டக்களப்பை 'மீன்பாடும் தேன்நாடு' என்பர். நகரில் யாழேந்திய மீன்மகள் சிலைகளாக அந்தப் புகழ் நிற்கிறது. வெளியுலகுக்கு இதை எழுதியவர் இலங்கைக் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட். 1848இல் நிலவு எழுந்த ஓர் இரவில் மீனவருடன் படகேறி, கோட்டை வாசல் துறையிலிருந்து வடகிழக்கே சுமார் 200 யார் தூரம் போனதும் ஒலியைக் கேட்டதாக அவர் குறித்தார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி இன்னும் தெளிந்தது. ஓடக்காரர் இன்றும் சொல்லும் முறை அதுவே: துடுப்பை நீருக்குள் இறக்கி மறுமுனையில் காதை வை. மீனவர் அன்று அவருக்குச் சொன்ன காரணம் மீன் அல்ல, ஊரி என்னும் நத்தை. ஊரியா மீனா என்பது விஞ்ஞானிகளிடையே இன்னும் முடிந்த வழக்கல்ல. சுவாமி விபுலாநந்தர் அந்த வழக்குக்குள் போகாமல் தம் கவிதையில் நீரர மகளிரைப் பாட வைத்தார். இசை ஆய்வாளரான அவர் 1947இல் அரங்கேறிய யாழ்நூலின் ஆசிரியர் என்பதை நினைத்தால் இது வியப்பில்லை.

கேடுகள்

1978 நவம்பர் சூறாவளி தென்னந்தோட்டங்களைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் முகத்துவாரத்தை ஒட்டிய நாவலடி மணற்பட்டி பேரழிவைச் சந்தித்தது. இயற்கை போக, மனிதர் செய்ததும் உண்டு: 1980களில் தொடங்கிய இறால் பண்ணைகள் போரால் கைவிடப்பட்டன, கண்டல் மரங்கள் விறகுக்கும் பாதுகாப்புக் காரணம் சொல்லியும் வெட்டப்பட்டன. நகரக் கழிவு இன்னும் வாவிக்குள் இறங்குகிறது. மதில் இடிந்தால் தொல்பொருள் திணைக்களம் கேட்கும். கண்டல் போனால் கேட்பவர் குறைவு.

செல்வோர்க்கு

சித்திரை முதல் ஆவணி வரை வாவி அமைதியாக இருக்கும். கோட்டை, அருகிலுள்ள காந்தி பூங்கா, படகுத்துறை வாசல், 1913இல் கட்டிய பாலமீன்மடு வெளிச்சவீடு ஆகியவற்றை ஒரே நாளில் பார்க்கலாம். போவதற்கு முன் பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) நூலைப் புரட்டிக்கொள்ளுங்கள். நூலகம் எண்ணிம நூலகத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது.