கெயின் எண்டா சத்தம் இல்லை: டைனமோவிலிருந்து சப்வூஃபர் வரை

முள்ளியவளைப் பக்கம் ஓடுற ஓட்டோக்களிலும் வான்களிலும் சப்வூஃபர் பூட்டுவது இப்ப சாதாரணம். பூட்டின கையோட பலரும் செய்யிற முதல் வேலை, அம்ப்ளிஃபையரில் உள்ள 'கெயின்' திருகியைக் கடைசி மட்டும் திருப்புவது. கொஞ்ச நாளில கொயில் கருகின மணம் வரும். ஸ்பீக்கரைக் குறை சொல்ல முதல், இந்தத் திருகி எதுக்கு வந்தது எண்டு பாப்பம்.

அம்ப்ளிஃபையர் சக்தியைப் புதுசா உண்டாக்குவதில்லை. 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் செய்த மூன்று மின்வாய்க் குழாயில், சின்ன மின்சாரம் ஒண்டு பெரிய மின்சாரத்தைக் கட்டுப்படுத்தியது. எங்கட ஊர்க் கணக்கில அது குளத்துத் துருசு. ஒரு ஆள் கையால திறக்க, தண்ணிமுறிப்புக் குளத்துத் தண்ணி வயலுக்குப் பாயும். ஆனா குளத்தில் உள்ளதுக்கு மேல ஒரு சொட்டும் வராது.

1925இல் ரைஸும் கெலாக்கும் காந்தத்துக்குள் அசையும் கொயிலோடு ஒரு ஒலிபெருக்கியைச் செய்து காட்டினார்கள். இண்டைய சப்வூஃபரும் அடிப்படையில் அதே முறைதான். பெரிசாக்கினால் ஒலி சிதையுது எண்ட பிரச்சினை மிச்சம் இருந்தது. 1927 ஓகஸ்ட் 2ஆம் திகதி, வேலைக்குப் போற படகில் இருந்தபடி, கையில் இருந்த பத்திரிகைத் தாளில் ஹரோல்ட் பிளாக் அதுக்கு வழி எழுதினார்: வெளியே வாறதில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி உள்ளே விடுவது. கெயினில் கொஞ்சத்தை விட்டுக்குடுத்து அவர் தெளிவை வாங்கினார்.

வன்னி இதே பாடத்தை வேற விதமாகப் படித்தது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கின பிறகு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டது. கை தளர்ந்தால் குரலும் தளரும். கிடைக்கிற மின்சாரத்துக்கு மேல ஒலி இல்லை எண்டது அந்தக் கைகளுக்குத் தெரியும்.

இப்ப கெயினுக்கு வருவம். வாகனத்தில் உள்ள செட் 2 வோல்ற் குடுக்குதா, 4 வோல்ற் குடுக்குதா எண்டதுக்கு ஏற்ப அம்ப்ளிஃபையரைப் பொருத்துவதே அதன் வேலை. அளவுக்கு மிஞ்சித் திருப்பினால், அம்ப்ளிஃபையர் தன் எல்லையில் முட்டி அலையின் உச்சியை வெட்டும். ஒலி கரகரக்கும், கொயில் சூடேறும்.

செய்முறை லேசு. சப்வூஃபரைக் கழற்றிவிடுங்கோ. பேஸ் பூஸ்ட்டை நிப்பாட்டி, கெயினை ஆகக் குறையுங்கோ. செட்டின் வொலியூமை முக்கால்வாசியில் வைச்சு 50 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியைப் போடுங்கோ. ஸ்பீக்கர் வயர் பூட்டுற இடத்தில் மல்ரிமீற்றரை ஏசி வோல்ற்றில் பிடியுங்கோ. வாற்றையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிக்க வேண்டிய இடம் தெரியும்: 300 வாற், 4 ஓம் எண்டால் 34.6 வோல்ற். அது வரும் வரைக்கும் மெல்லத் திருப்பி நிப்பாட்டுங்கோ. அந்த வரம்பைத் தாண்டி வாற்றை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான்.

சத்தமாப் பாட்டுப் போடுவதை வெறும் பகட்டு எண்டு நாங்கள் சொல்லமாட்டம். இருட்டில பெடல் சுத்திப் பாட்டுக் கேட்டவையின்ர பிள்ளையள் நாங்கள். விரும்பினபடி கேக்கிறது எங்களுக்குப் பெரிய விசயம். ஆனா அவை ஒரு குரலைத் தெளிவாகக் கேக்கத்தான் அவ்வளவு பாடுபட்டவை. கருகின கொயிலைக் காசு குடுத்து மாத்தலாம். காதுக்குள்ள செத்துப்போன உணர்கலங்கள் திரும்ப முளைக்காது.