க்யூ எழுத்துக்கு ஏன் பத்துப் புள்ளி?

க்யூவும் இசட்டும் சேர்ந்து வரும் ஆங்கிலச் சொல் எது என்று கைபேசியில் கேட்டால், இப்போது ஒரு நொடியில் பட்டியல் வந்துவிடுகிறது. ஸ்கிராபிள் ஆடும் வீடுகளில் பிள்ளைகள் இதைத்தான் செய்கிறார்கள். ஆளுக்கு ஏழு எழுத்துக் கட்டைகளை எடுத்து, பலகையில் சொல்லாக அடுக்கும் ஆட்டம் அது. ஈ கட்டைக்கு ஒரு புள்ளி. க்யூ கட்டைக்குப் பத்து. இந்த விலையை யார் வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்று தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

எழுத்துகளை உட்கார்ந்து எண்ணியவர்களில் இரண்டு ஆல்ஃபிரட்கள் உண்டு. இருவரும் அமெரிக்கர்கள். முதலாமவர் ஆல்ஃபிரட் வெயில், தந்தி கண்டுபிடிப்பில் மோர்ஸுக்குத் துணையாக இருந்தவர். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறி சுருக்கமாக இருந்தால்தான் தந்தி வேகமாகப் போகும். எது அடிக்கடி வரும் என்று அறிய, மோரிஸ்டவுன் என்ற தம் ஊரின் பத்திரிகை அச்சகத்துக்குப் போனார். அச்சுக் கோப்பவரின் அறைப்பெட்டியில் ஒவ்வொரு ஈய எழுத்தும் எத்தனை இருக்கிறது என்று பார்த்தார். ஈ எழுத்துதான் அதிகம். அதனால் அதற்கு ஒரே ஒரு புள்ளி. டி எழுத்துக்கு ஒரே ஒரு கோடு. எப்போதாவது வரும் க்யூவுக்கு நான்கு தட்டு. 1844இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே அந்தத் தந்தி ஓடத் தொடங்கியது. நம் நாட்டில் 2013இல் தந்தி சேவை நிற்கும் வரை, நமக்கு நல்லதும் கெட்டதும் கொண்டுவந்தது அந்த அச்சகக் கணக்குதான்.

இரண்டாமவர் ஆல்ஃபிரட் பட்ஸ். கட்டட வரைகலைஞர். 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வேலை போய்விட்டது. வீட்டில் சும்மா இருக்க மனமில்லாமல், சொற்களை வைத்து ஓர் ஆட்டம் செய்யலாம் என்று இறங்கினார். ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக எண்ணிக் கணக்கெழுதினார். அந்தக் கணக்கின்படி ஈ கட்டை 12, க்யூ கட்டை ஒன்று. எஸ் எழுத்தை மட்டும் வேண்டுமென்றே நான்கோடு நிறுத்தினார். இல்லாவிட்டால் எல்லாரும் சொல்லின் கடைசியில் எஸ் சேர்த்துப் பன்மையாக்கி எளிதாக ஜெயித்துவிடுவார்கள். விளையாட்டுப் பொருள் கம்பெனிகள் எதுவும் அவரை ஏற்கவில்லை. 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் உரிமையை வாங்கி ‘ஸ்கிராபிள்’ என்று பெயரிட்ட பிறகுதான் ஆட்டத்துக்கு விடிவு வந்தது.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு அடுத்த கேள்வி எழுந்தது. பிரெஞ்சு ஸ்கிராபிளில் இதே விலைதானா? இல்லை. ஆங்கிலப் பெட்டியில் 100 கட்டை, பிரெஞ்சுப் பெட்டியில் 102. கே எழுத்து ஆங்கிலத்தில் 5 புள்ளி, பிரெஞ்சில் 10. டபிள்யூ ஆங்கிலத்தில் இரண்டு கட்டை, 4 புள்ளி. பிரெஞ்சில் ஒரே கட்டை, 10 புள்ளி. க்யூவோ ஆங்கிலத்தில் 10, பிரெஞ்சில் 8.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. பிரெஞ்சு மொழி லத்தீன் வழி வந்தது. அதில் கே, டபிள்யூ இரண்டும் வந்தேறி எழுத்துகள். கிலோ கிரேக்கத்திலிருந்து வந்தது. நம் புதுச்சேரிப் போலீஸ்காரர் தலையில் இருக்கும் சிவப்புக் ‘கெப்பி’ சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேச்சிலிருந்து வந்தது. ரயில் பெட்டியைக் குறிக்கும் ‘வகோன்’ ஆங்கிலத்திடம் வாங்கியது. ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்து மொழியாதலால் இரண்டுமே அதற்கு வீட்டு எழுத்துகள்.

ஆனால் 1066இல் நார்மண்டியின் பிரபு இங்கிலாந்தைப் பிடித்தார். அவர் பெயரை ஆங்கிலேயர் வில்லியம் என்பார்கள். நாங்கள் பள்ளியில் படித்தது கியோம். இரண்டும் ஒரே பெயர். ஜெர்மானியச் சொற்கள் பிரெஞ்சுக்குள் நுழைந்தபோது, பாரிஸ் பக்கத்தார் டபிள்யூ ஒலியை ‘க’ ஒலியாக மாற்றினார்கள். நார்மண்டிக்காரர்கள் மாற்றவில்லை. ஆங்கிலம் முதலில் நார்மண்டிச் சொல்லை வாங்கியது, பின்னால் பாரிஸ் சொல்லையும் வாங்கி இரண்டையும் வைத்துக்கொண்டது. மிக்சி வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் கியாரண்டி, வாரண்டி இரண்டும் அப்படி வந்த ஒரே சொல். ரயிலின் கார்டும் ஆஸ்பத்திரியின் வார்டும் ஒரே வேர். கார்டியனும் விடுதி வார்டனும் அப்படித்தான். பிரெஞ்சுப் படிப்போடு ஆங்கிலக் கோப்புகளுக்கு நடுவே வேலைக்குச் சேர்ந்த எனக்கு, அகராதியைவிட அதிகம் கைகொடுத்தவை இந்த ஜோடிகள்.

அதே நார்மண்டி எழுத்தர்கள் ஆங்கிலத்துக்கு இன்னொன்றும் செய்தார்கள். அரசியைக் குறிக்கும் ‘க்வீன்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் அதுவரை சி எழுத்தில்தான் தொடங்கியது. அவர்கள் தங்கள் பழக்கப்படி க்யூவும் யுவும் போட்டு எழுதினார்கள். அதிலிருந்து க்யூ என்றால் பின்னால் யு என்று ஆயிற்று. யு இல்லாத க்யூ சொற்களைத் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் கிழக்கிலிருந்து போனவை. நாம் தர்கா வாசலில் பார்க்கும் பக்கீரையும், காஜியையும் ஆங்கிலத்தில் அப்படி எழுதுவதுண்டு. இரண்டும் அரபுச் சொற்கள்.

எழுத்துக் கணக்கைப் பற்றிப் பேசும்போது ஜார்ஜ் பெரெக்கைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. போலந்திலிருந்து வந்த யூதப் பெற்றோருக்கு 1936இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை 1940இல் போர்முனையில் இறந்தார். தாயை 1943இல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. 1969இல் பெரெக் ‘லா திஸ்பாரிசியோன்’ என்று ஒரு நாவல் எழுதினார். ‘காணாமற்போதல்’ என்று பொருள். முந்நூறு பக்க அளவுள்ள அந்த நாவலில் பிரெஞ்சில் மிக அதிகம் வரும் ஈ எழுத்து ஓரிடத்திலும் இல்லை.

வெளிவந்தபோது பலருக்கு அது வித்தை காட்டும் விளையாட்டாகத் தெரிந்தது. ஆனால் பிரெஞ்சில் அந்த எழுத்தின் பெயரைச் சொன்னால் ‘அவர்கள்’ என்ற சொல்லைப் போலவே காதில் விழும். அந்த எழுத்து இல்லாமல் தந்தையைக் குறிக்கும் ‘பேர்’ என்ற சொல்லை எழுத முடியாது. தாயைக் குறிக்கும் ‘மேர்’ என்ற சொல்லையும் எழுத முடியாது. ஜார்ஜ் பெரெக் என்ற பெயரையே எழுத முடியாது, அதில் மட்டும் அந்த எழுத்து நான்கு முறை வருகிறது.

பிரெஞ்சுப் பெட்டியில் ஈ கட்டைகள் 15. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளிதான். அந்த நாவலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. அதிலும் அந்த எழுத்து ஓரிடத்திலும் இல்லை.