பூட்டில்லாத கரை: கோவளம் முதல் பாலாற்று முகம் வரை படகுக் காவலின் வரலாறு

கோவளத்திலிருந்து தெற்கே நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் என்று பாலாற்று முகம் வரை நீளும் செங்கல்பட்டுக் கடற்கரையில் படகு ஒதுங்கி நிற்க இயற்கையான துறைமுகம் கிடையாது. அலை நேராக வந்து மணலில் உடைகிறது. அதனால் கடலுக்குப் போய்வரும் படகை அன்றன்றைக்கே கரையேற்றிவிடுவார்கள். மரம், வலை, கயிறு, நங்கூரம், இந்த நாளில் இன்ஜின் என்று தொழிலின் முதல் முழுவதும் சுவரோ கதவோ இல்லாத மணல்மேட்டில் இரவெல்லாம் திறந்து கிடக்கும். இதைக் களவிலிருந்து காக்க அரசர்களும் வணிகர்களும் கிழக்கிந்தியக் கும்பினியும் ஊராரும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஏற்பாடு செய்தார்கள். பொருள் காணாமல் போனால் யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை வைத்திருந்த ஏற்பாடுகளே இவற்றில் நிலைத்தன.

கட்டுமரத்தின் அமைப்பிலேயே கொஞ்சம் காவல் இருந்தது. எடை குறைந்த மரத்துண்டுகளைச் செதுக்கி, பக்கத்தில் பக்கம் பொருத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டியதுதான் கட்டுமரம், ஆணி கிடையாது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு மரத்தையும் இரண்டு மூன்று பேர் தோளில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோய்க் காயப்போடுவார்கள். நீர் ஊறிய மரம் கனத்துப்போய் மிதப்புக் குறையும் என்பதால் காயவைப்பது அவசியம். அதோடு இன்னொரு பயனும் கிடைத்தது. அவிழ்த்துப் போட்ட மரம் படகு அல்ல. நடுமரத்துக்கும் ஓரமரத்துக்கும் செதுக்கு வேறு. ஒரு மரத்தின் வளைவு அதன் ஜோடிக்கே பொருந்தும். ஒற்றை மரத்தைத் தூக்கிப்போனவனுக்கு விறகுதான் மிச்சம். துடுப்பும் பாயும் கயிறும் வீட்டுக்கு வந்துவிடும். வலைதான் சிக்கல். அது காய வேண்டும், கிழிசல் பார்க்க வேண்டும், மறுநாள் விடியுமுன் கைக்கு எட்ட வேண்டும். எனவே இந்தக் கரையின் களவுப் பேச்சில் எப்போதும் முதலில் வருவது வலை.

வணிகப் பொருளின் கதை வேறு. பாலாற்று முகத்துக்கு அருகிலுள்ள வசவசமுத்திரத்தில் 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் உறைகிணறுகளும் கிடைத்தன. பெரும்பாணாற்றுப்படை சொல்லும் நீர்ப்பெயற்றுத் துறை இதுதானா, மாமல்லபுரமா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. எதுவானாலும், கடல்வழி வந்த சரக்கு இங்கே கரையில் இறங்கிக் குவிந்திருக்கிறது. அப்படிக் குவிந்த சரக்கை எப்படிக் காத்தார்கள் என்பதற்குச் சோழர் துறையான காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிய இலக்கியம் இரண்டு விடை தருகிறது. பட்டினப்பாலையில் சுங்க அலுவலர்கள் மூட்டைகளை எடை பார்த்துப் புலி முத்திரை குத்துகிறார்கள். முத்திரை விழுந்த பொருளுக்கு அரசன் பொறுப்பு. சிலப்பதிகாரத்தின் வெள்ளிடை மன்றத்தில் பெயரும் அளவும் பொறித்த பொதிகள் காவலாளும் கதவும் இல்லாமல் கிடக்கின்றன. திருடியவன் கழுத்து நோக அந்தப் பொதியையே சுமந்து ஊர் காண மன்றத்தைச் சுற்ற வேண்டும். புராணக் கதை கலந்த செய்திதான். ஆனாலும் குறியிட்ட பொருளைத் திருடி ஒளிக்க முடியாது, பிடிபட்டால் முதல் தண்டனை அவமானம் என்ற இரண்டும் கடற்கரை ஊர்களின் நடைமுறைக்கு மிக நெருக்கமானவை.

சில்லறைத் திருடனைவிடக் கப்பல்காரன் அதிகம் அஞ்சியது அரசனுக்கு. புயலில் சிக்கி ஒரு கப்பல் கரை தட்டினால் அதிலிருந்த சரக்கு அந்தக் கரையை ஆள்பவனுக்கே சொந்தம் என்பது பல நாட்டு வழக்கம். சோழமண்டலக் கரையின் வடக்கே, ஆந்திரத்தின் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னர் கணபதி தேவர் 1244-45இல் வெட்டிய அபய சாசனம் இதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது: முன்னிருந்த அரசர்கள் புயலில் உடைந்த மரக்கலங்களின் பொன், யானை, குதிரை, மணி அனைத்தையும் பறித்துக்கொண்டார்கள், தாம் முறையான சுங்கத்தைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று உறுதி தருகிறார். அதற்கு முந்தைய நூற்றாண்டில் இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் வெட்டுவித்த கல்வெட்டு தமிழிலேயே உள்ளது. ஊர்காவற்றுறைக்கு வரும் அயல்நாட்டு வணிகருக்கு அது காப்புத் தருகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. பாதியைப் பிடித்துக்கொள்வதைச் சலுகை என்று கல்லில் வெட்ட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் இருந்த நிலையை ஊகிக்கலாம். குதிரையும் யானையும் படைக்கு வேண்டியவை, அவற்றைக் கொண்டுவருபவனை விரட்டக் கூடாது என்ற கணக்கும் அந்த விகிதத்தில் இருக்கிறது.

ஊருக்குள் காவல் ஒரு வரியாகவும் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் பாடிகாவல், ஊர்க் காவலுக்காக மக்கள் கொடுத்தது. இந்த ஏற்பாட்டின் பிற்கால வடிவம் கும்பினி ஆவணங்களில் தெளிவாகத் தெரிகிறது. 1763இல் ஆர்க்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் மானியமாக, கொடுத்தார். சில ஆண்டுகளில் தாமஸ் பர்னார்ட் ஊர் ஊராக அளந்து எழுதிய கணக்கில், விளைச்சலில் தலையாரிக்கும் பாளையக்காரருக்கும் சேர வேண்டிய பங்குகள் பதிவாகியுள்ளன. பாளையக்காரர் இங்கே தெற்குச் சீமையைப்போலக் கோட்டை கட்டி ஆண்டவர் அல்லர். பல ஊர்களுக்குக் காவல் பொறுப்பேற்றவர். பங்கு வாங்குபவர் களவு போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். சென்னைப் பட்டினத்தில் கும்பினிக்குக் காவல் பார்த்த பெத்த நாயக்கருக்கும் இதே நிபந்தனைதான்.

ஏட்டளவில் இது அழகான ஏற்பாடு. நடைமுறையில், ஈடு கட்ட விரும்பாத காவல்காரர் திருடனோடு பேரம் பேசுவார். காவல் கூலி தராத ஊரில் களவு தானாகவே கூடும். காவலும் களவும் ஒரே கையில் இருக்கின்றன என்ற புகார் கும்பினி அதிகாரிகளின் எழுத்தில் அடிக்கடி வருகிறது. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ், பாளையக்காரரின் காவல் உரிமையை ஒடுக்குவதில் முனைப்பாக இருந்தார்.  பழைய காவல் போன பின் தாரோகா என்ற போலீஸ் அதிகாரிகள் வந்தார்கள். 1816இல் கிராமக் காவல் ஓரளவு திரும்பியது. 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. இந்த மாற்றங்களில் மெல்ல மறைந்தது ஈடு கட்டும் கடமை. புதிய போலீஸ் திருடனைப் பிடிக்கும்; பிடிபடாவிட்டால் நட்டம் பறிகொடுத்தவனுடையது.

ஐரோப்பிய வணிகர்கள் பதில் சொல்லும் ஆளோடு நிற்காமல் சுவரும் எழுப்பினார்கள். பதினேழாம் நூற்றாண்டிலேயே சதுரங்கப்பட்டினத்தில் கடை போட்ட டச்சுக்காரர்கள் துணி ஏற்றுமதியைப் பெருக்கி, கடலைப் பார்த்து ஒரு கோட்டையும் கட்டினார்கள். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள அந்தச் செங்கல் கோட்டைக்குள் போனால் முதலில் கண்ணில் படுபவை நீண்ட கிடங்குகளும் கல்லறைத் தோட்டமும். போர்க்கோட்டை என்பதைவிடப் பூட்டிய பண்டகசாலை என்பதே அதற்குப் பொருத்தம். பூட்டு எதிரிப் படையைத் தடுக்கவில்லை. 1781இல் ஆங்கிலேயர் அதைத் தகர்த்தார்கள். 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் ஊரே அவர்கள் கைக்குப் போனது. கோவளத்தில் நவாப் கட்டிய கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரர் தந்திரத்தால் பிடிக்க, 1752இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் பறித்தார். இப்போது அந்த இடத்தில் ஒரு கடற்கரை விடுதி.

கோட்டைச் சுவருக்கும் கப்பலுக்கும் இடையில் அலை இருந்தது. கப்பல் தொலைவில் நங்கூரமிடும். சரக்கு மசூலாப் படகில் வரும். பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த இந்தப் படகு அலையில் மோதினாலும் உடையாமல் நெளிந்துகொடுக்கும். இந்த இடைவெளியில் சரக்கு கப்பல்காரன் கண்ணிலும் படாது, கிடங்குக்காரன் கண்ணிலும் படாது. படகுக்காரர்கள் கைவைக்கிறார்கள் என்று சென்னைத் துறையில் வணிகர்கள் ஓயாமல் முறையிட்டார்கள். கொடுத்த கூலியையும் ஏற்ற ஆபத்தையும் பார்த்தால் படகுக்காரர் பக்கமும் நியாயம் இருந்திருக்கும். அதை எழுதிவைக்க அவர்களிடம் குமாஸ்தா இல்லை. ஆனால் அதே துறையில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். கடிதத்தை நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் வைத்துத் தலையில் இறுக்கிக்கொண்டு அலைக்குள் இறங்குவார்கள். மரம் கவிழ்ந்து ஆள் நீந்தினாலும் கடிதம் நனையாது. அக்கால ஓவியங்கள் பலவற்றில் அந்தத் தொப்பியைக் காணலாம்.

1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தை எழுதியவர்களின் மனத்தில் கப்பல்தான் இருந்தது. 379ஆம் பிரிவில் சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை. மனிதர் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்துக் காக்கும் வீடு, கூடாரம், மரக்கலம் ஆகியவற்றுக்குள் திருடினால் 380ஆம் பிரிவில் ஏழாண்டு வரை. திருடும் நோக்கத்தோடு கப்பலைக் கரை தட்டவைப்பதற்குத் தனியே 439. மணலில் காயும் வலைக்கு இவற்றில் தனி இடம் இல்லை. பக்கிங்காம் கால்வாயில் மரக்காணத்துக்கும் சென்னைக்கும் இடையே உப்பும் விறகும் ஏற்றிய படகுகளை 1890ஆம் ஆண்டுக் கால்வாய்ச் சட்டம் பதிவுக்கும் உரிமத்துக்கும் உட்படுத்தியது. கடலில் போன கட்டுமரத்துக்கு அந்தப் பதிவும் இல்லை.

அந்த வெற்றிடத்தில் வேலை செய்தது ஊர்ப் பஞ்சாயத்து. மீனவச் சமூகமான பட்டினவரின் குப்பங்களில் நாட்டார் என்றும் பஞ்சாயத்தார் என்றும் அழைக்கப்படும் பெரியவர்கள் கடல் தொழிலின் வழக்குகளைக் கோயிலடியில் கூடித் தீர்த்தார்கள். வலை காணவில்லை என்றால் ஊர் கூடும். குற்றம் தெரிந்தால் பொருளைத் திருப்பித் தருவதோடு அபராதம். அது பெரும்பாலும் கோயில் கணக்குக்குப் போகும். மறுப்பவனைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வதும் உண்டு. அடங்காதவனை ஊர் தள்ளி வைக்கும். மரத்தைக் கரையேற்றக் கைகொடுக்க ஆளில்லை, மீனை எடுக்க ஏலக்காரர் இல்லை என்றால் கடல் தொழிலில் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது. ஊர் விலக்கு, வேண்டாதவர்களை ஒடுக்கவும் பயன்பட்டது. நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை.

விசைப்படகுகள் பெருகியபோது புதிய வகை இழப்பு வந்தது. இரவில் போட்ட வலையை இழுவலைப் படகு அறுத்துக்கொண்டு போனால் அது திருட்டா விபத்தா என்று சட்டம் யோசிக்கும். ஊர் யோசிக்கவில்லை, அறுத்த படகைச் சிறைபிடித்துக் கரையில் நிறுத்தி, ஈடு தரும்வரை விடாது. பழைய காவல்காரரின் ஈட்டுக் கடமை இங்கே வேறு வேடத்தில் திரும்பியது. 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகுகளைக் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் நிறுத்தப் பார்த்தது. சண்டை குறைந்ததே தவிர ஓயவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மரங்களும் வலைகளும் ஒன்றோடொன்று சுருண்டு குப்பங்களைத் தாண்டி உள்ளே போய் விழுந்தன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன, கட்டுமரம் அருகியது. காவலின் கணக்கும் மாறியது. ஃபைபர் படகை அவிழ்த்துப் பிரிக்க முடியாது. அதன் மீது கழற்றி விற்கத்தக்க இன்ஜின் வேறு இருக்கிறது. கட்டுமரத்தின் ஒற்றைத் துண்டு யாருக்கும் உதவாது. இன்ஜினை எந்தக் கரையிலும் வாங்குவார்கள். சங்கிலியும் பூட்டும் இந்த மணலில் பரவலாகத் தேவைப்பட்டது அதன் பிறகுதான்.

படகுக் களவை நாட்டின் பாதுகாப்பு விஷயமாக்கியது 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல். தாக்க வந்தவர்கள் குஜராத்தைச் சேர்ந்த ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி அதில்தான் மும்பையை நெருங்கினார்கள். தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994 முதலே இருந்தது. ஆனால் அது தேடியது கடத்தலையும் ஊடுருவலையும். மும்பைக்குப் பின் நாடு முழுவதும் மீன்பிடிப் படகுகளுக்கு ஒரே மாதிரியான பதிவு எண், மீனவருக்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டை, மாநிலத்துக்கு ஒரு நிறம் என்று விதிகள் வந்தன. அணியத்தில் இன்று காணும் ஐ.என்.டி. - டி.என். என்று தொடங்கும் எண் அப்போது பரவியது. திருடனைத் தேடுவதற்கு அல்லாமல் அந்நியனைத் தேடுவதற்கு எழுதப்பட்ட எண் என்றாலும், காணாமல் போன படகை அடையாளம் காட்ட அது உதவுகிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு, சரக்கோ பயணிகளோ ஏற்றும் வாகனத்தையும் அதிலுள்ள பொருளையும் திருடுவதை ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. மீன்பிடிப் படகு அந்த வரையறைக்குள் வருமா என்பதை வழக்குகள்தான் தீர்மானிக்க வேண்டும்.

காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது படகுக்குப் பதிவு எண்ணும் இன்ஜினுக்கு அதில் பொறித்த தொடர் எண்ணும் கேட்கப்படுகின்றன. வலைக்கு எண் எதுவும் இல்லை. கண்ணியின் அளவு, மிதவை கட்டிய விதம், ஈயக்குண்டுகளின் இடைவெளி, கிழிசலை ஒட்டிய முடிச்சு ஆகியவற்றைப் பார்த்து இது இன்னாருடையது என்று சொல்லும் சாட்சி அந்தக் குப்பத்தில்தான் கிடைக்கும். அதனால் வலை போனவர் இன்னும் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் போய், அதன் பிறகே காவல் நிலையத்துக்கு நடக்கிறார்.