கப்பலேறிய குடும்பங்கள்: சிங்கப்பூரில் கடையநல்லூரார்

கடல் கடந்து பொருளீட்டுவது நமது சமுதாயத்தாருக்குப் புதிதன்று. 1819-இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வணிகத்தளம் அமைத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் அங்குக் கால் பதித்துவிட்டனர். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-இல் தொடங்கப்பெற்ற ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், தெலோக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே எழுந்த நாகூர் தர்காவும் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றன. இவற்றைக் குறித்து நம்மவர்கள் நிறையவே எழுதியுள்ளனர். நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் செய்தி வேறு.

அந்நாளில் அங்குச் சென்ற தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் தனி ஆடவர்களே. மனைவி மக்களை ஊரில் விட்டுச் செல்வர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து திரும்புவர். பணம் வந்தது, தந்தை வரவில்லை என்று வளர்ந்த பிள்ளைகள் நமது ஊர்களிலும் உண்டு. இவ்வழக்கத்திற்கு மாறாக, மனைவி மக்களுடன் சென்று குடியேறியோர் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் ஆவர்.

அன்று திருநெல்வேலி மாவட்டத்திலும் 2019 முதல் தென்காசி மாவட்டத்திலும் அடங்கும் கடையநல்லூர், நெசவாளர் ஊர். ஆலைத்துணியின் போட்டியால் கைத்தறி நலிந்தபோது, தறியை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பெரிவதே அரிதாயிற்று. விற்றுத் தின்ன நிலமில்லை; வணிகம் தொடங்க முதலுமில்லை. இருந்தது உழைக்கும் கைகள் மட்டுமே. தறிவேலையில் பெண்களுக்கும் சரிபங்கு உண்டாதலால், கணவன் சென்றபின் ஊரிலிருந்து காத்திருப்பதைவிட இருவரும் சேர்ந்து சென்று உழைப்பதே அவர்களுக்கு இயல்பாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பது நமது கருத்து.

1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலை நமது பெரியவர்கள் பலர் அறிவர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேரும். ஏழைகளுக்குக் கப்பலின் தளமே இருப்பிடம். பாய் விரித்த இடமே வீடு.

சிங்கப்பூரில் அவர்கள் மிகுதியும் தங்கியது துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் பகுதியில். ஆடவர் பலர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர். குடியிருப்போ, கடைவீடுகளின் மாடியில் பலகையால் தடுத்த சிற்றறைகள். ஒரு குடும்பம் நீட்டிப் படுக்குமளவே இடம். குழாயும் அடுப்படியும் பல குடும்பங்களுக்குப் பொது. கப்பல் வராத நாளில் கூலியுமில்லை.

அந்நாட்களில் குடும்பத்தைத் தாங்கியது பெண்களின் அம்மி. மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் ஆகியவற்றை இடித்தும் அரைத்தும் சந்தையில் விற்றனர். வாங்க வருவோர் தமிழர் மட்டுமல்லர். மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் வருவர். மீனுக்கா, இறைச்சிக்கா, எத்தனை பேருக்கு என்று கேட்டு, அதற்கேற்ப அரைத்த விழுதுகளை அளந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதற்காகவே சந்தை மலாய் மொழியைக் கற்றுக்கொண்டனர். ஊரில் அடுத்த தெருவுக்கும் தனியே செல்லாத பெண், எழுத்தறியாமலே அயல்மொழியில் கணக்குப் பார்த்து வணிகம் செய்தாள். பள்ளிவாசல் கட்டிய செல்வந்தர் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறோம்; மிளகாய் அரைத்து எரிந்த கைகளுக்குரியவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜப்பானியக் குண்டுகள் விழத் தொடங்கின. துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்தோருக்கு அதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று நகரம் வீழ்ந்தது. மூன்றரை ஆண்டுகள் தாயகத்துடன் தொடர்பு அற்றது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று.

போர் ஓய்ந்த மறு ஆண்டே, அதாவது 1946-இல், அச்சங்கம் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பசி முற்றிலும் தீராத காலத்தில், கூலித் தொழிலாளர் மிகுந்த ஒரு சமூகம் முதலில் செய்த பெரும்பணி இது என்பதை வாசகர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைச் சூட்டியதிலேயே அவர்கள் எவ்விரண்டையும் கைவிட விரும்பவில்லை என்பது விளங்கும். குடும்பமாக வந்தவர்களுக்கே இத்தேவை எழும். தனியாக வந்தவருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? 1960-இல் அது உயர்நிலைப் பள்ளியாகவும் உயர்ந்தது.

1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. ஊரில் விட்டு வந்த மனைவி மக்களைப் பிற்காலத்தில் அழைத்துக்கொள்வதும் வரவரக் கடினமாயிற்று. முன்பே குடும்பத்துடன் வந்தவர்கள் இத்துன்பத்திலிருந்து பெரிதும் தப்பினர். 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தங்குவதா திரும்புவதா என்ற கேள்வி பலரை வருத்தியது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை உடையோருக்கு விடை ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

பின்னர் நகரச் சீரமைப்பு வந்தது. தஞ்சோங் பகாரின் பழைய வீடுகளிலிருந்த குடும்பங்கள் தீவெங்குமுள்ள அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்தன. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் தமிழ்வழிப் பள்ளியில் சேர்க்கை குறைந்து, உமறுப் புலவர் பள்ளி 1982-இல் மூடப்பெற்றது. மறு ஆண்டு அதே பெயரில் தமிழ்மொழி நிலையம் ஒன்று திறக்கப்பெற்று, பல பள்ளிகளின் மாணவர்களும் அங்கு வந்து தமிழ் பயிலலாயினர்.