காவலும் காப்பும்: ஊளம்பாறை மனநல மருத்துவமனையை முன்வைத்து மனநோயர் பேணலின் வரலாறு

முன்னுரை

தமிழில் 'காப்பு' என்னும் சொல் தம்முள் முரண்பட்ட இரு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. தீங்கு அணுகாவண்ணம் காத்தல் என்பது ஒரு பொருள். கையிற் பூட்டும் விலங்கு என்பது பேச்சு வழக்கில் வழங்கும் பிறிதொரு பொருள். மனநோயர்க்கென எழுந்த நிறுவனங்களின் வரலாறு இவ்விரு பொருள்களுக்கும் இடையே நிகழ்ந்த ஊசலாட்டமே எனலாம். திருவனந்தபுரம் ஊளம்பாறை மனநல மருத்துவமனை அவ்வரலாற்றைக் காண்பதற்கு ஏற்றதொரு களமாகும். காவலில் வைக்கும் இடமாகத் தொடங்கிய இத்தகு மருத்துவமனைகளை மருந்துகள் மாற்றின என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து. அக்கருத்து ஓரளவே உண்மை என்பதையும், மருந்து திறந்த கதவைத் திறந்தே வைத்திருப்பது அருகிருந்து பேணும் செவிலியர் பணியே என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் நோக்கும்

மனநோயைக் குறிக்கும் சொற்கள் ஒரு சமுதாயம் அந்நோயைக் கண்ட முறையைக் காட்டுவன. 'பித்து', 'பைத்தியம்' ஆகியவை பித்தம் என்னும் உடற்கூற்றின் மிகுதியோடு நோயை இணைக்கின்றன. 'பேய் பிடித்தல்' புறத்திலிருந்து ஒன்று வந்து பற்றுவதாகக் கருதுகிறது. நெல்லை, நாஞ்சில் நாட்டு வழக்கில் 'கோட்டி' உண்டு. மலையாளத்தில் 'பிராந்து' உண்டு. இறைவனையே பித்தன் என அழைத்த மரபு தமிழுக்கு உரியது. பாறையை மலையுச்சிக்கு உருட்டிச் சென்று, பின் உருண்டு விழ விட்டுக் கைகொட்டிச் சிரித்த நாராணத்துப் பிராந்தனை ஞானியாகக் கொண்ட மரபு கேரளத்திற்கு உரியது. எனினும், கதையிற் போற்றப்பட்ட பித்தன் தெருவில் போற்றப்படவில்லை. சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' எனவும் கேரளத்தில் 'ஊளம்பாறை', 'குதிரவட்டம்' எனவும் மருத்துவமனை அமைந்த ஊர்ப்பெயர்களே வசைச்சொற்களாக மாறின. ஓர் இடத்தின் பெயர் இழிவழக்காக மாறுவது, அவ்விடத்திற்கும் ஊருக்கும் இடையே எழுப்பப்பட்ட சுவரின் உயரத்தைக் காட்டுகிறது.

இன்று தாதியர் பணியைக் குறிக்க வழங்கும் 'செவிலி' என்னும் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. சங்க அக இலக்கியத்தில் தலைவியை வளர்த்தவள் செவிலி. தலைவியின் உடல் மெலிவையும் மன வேறுபாட்டையும் முதலிற் காண்பவர்களுள் அவளும் ஒருத்தி. காரணம் அறியாத நிலையில் கட்டுவிச்சியை வினவுதலும் வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துதலும் அகத்துறைகளாக அமைந்துள்ளன. அணங்கு தாக்கியது என வேலன் கூற, உண்மைக் காரணத்தை அறிந்தவள் தோழி. அவள் அறத்தொடு நிற்கிறாள். புறத்தே தோன்றும் குறியை மட்டும் கண்டவர் தவறினர். உடனிருந்து பழகியவள் உண்மை உணர்ந்தாள். காதல் நோய் மனநோய் அன்று. எனினும், அருகிருந்து அறிதலே நோயறிதலின் முதற்படி என்னும் உண்மையை இத்துறை உணர்த்துகிறது.

திருவிதாங்கூரில் மனநோயர் காப்பகம்

ஆயில்யம் திருநாள் மகாராசா திருவிதாங்கூரை 1860 முதல் 1880 வரை ஆண்டார். கும்பகோணத்தில் பிறந்த தி. மாதவராவ் அக்காலத்தின் முற்பகுதியில், 1872 வரை, திவானாக விளங்கினார். தலைநகரில் பொது மருத்துவமனை 1865இல் திறக்கப்பட்டது. அதனை அடுத்து 1870இல் மனநோயர்க்கான காப்பகம் நிறுவப்பட்டது. மலபாரின் கோழிக்கோட்டில் 1872இலும், கொச்சி அரசின் திருச்சூரில் 1889இலும் இத்தகைய நிறுவனங்கள் தோன்றின. இன்றைய கேரள அரசின் மூன்று மனநல மையங்களும் இவ்வாறு மூன்று ஆட்சிப் பகுதிகளின் வழியாக வந்தவையே.

தமிழகத்தில் இம்மரபு மேலும் பழைமையானது. வாலன்டைன் கொனொலி என்னும் மருத்துவர் 1794இல் சென்னையில் தொடங்கிய காப்பகமே, 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்து வளர்ந்து, இன்று மனநலக் கழகமாக விளங்குகிறது. திருவனந்தபுரத்துக் காப்பகம் எழுந்த காலமும் சென்னைக் காப்பகம் புது வளாகத்திற்கு மாறிய காலமும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்தமை கருதத்தக்கது. ஊருக்குப் புறத்தே, மதில் சூழ்ந்த பரந்த நிலத்தில், தனித்தனிக் கட்டடங்களாக மனநோயரை வைத்தல் அக்காலக் கொள்கையாகும். ஊளம்பாறையில் தொழுநோயர்க்கான மருத்துவமனையும் இருந்து, 1934இல் நூறநாட்டிற்கு மாற்றப்பட்டது. ஊரார் காண விரும்பாத இருவகை நோயர்க்கும் ஒரே புறநகர் ஒதுக்கப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

இக்காப்பகம் தமிழ் வரலாற்றோடும் தொடர்புடையது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ் பேசும் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ஆட்சியின் கீழ் இருந்தன. அம்மக்களுக்குரிய அரசு மனநோய் மருத்துவமனையும் தலைநகரிலேயே இருந்தது. மாநில எல்லை மாறியபோது கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மருத்துவமனை எல்லைக்கு அப்பால் நின்றது. மொழி இத்துறையில் சிறப்பிடம் பெறுவது. காய்ச்சலைக் கருவி அளக்கும். நோயாளியின் அச்சத்தையும் ஐயத்தையும் அவர்தம் தாய்மொழிவழியே அறிதல் வேண்டும். 'நெஞ்சு பதறுது' என்பதற்கும் 'மனசு சரியில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர் நோயின் போக்கை அறிய இயலாது.

சட்டங்கள் காட்டும் மாற்றம்

பிரிட்டிஷ் இந்தியாவுக்கென 1858இல் இயற்றப்பட்ட காப்பகச் சட்டம், மனநோயரை அடைத்து வைப்பதற்கான நடைமுறையையே பெரிதும் வகுத்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. சிறைத்துறைத் தலைவரின் மேற்பார்வையில் இருந்த காப்பகங்கள் மருத்துவர் பொறுப்பிற்கு வந்தது இக்காலப் பகுதியிலேயாகும். 1920களில் 'காப்பகம்' என்னும் பெயர் நீங்கி, 'மனநோய் மருத்துவமனை' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. பெயர் மாறினும் பணியாளர் பலர் வார்டர்களாகவே இருந்தனர். வார்டர் என்பது சிறைக்கும் மருத்துவமனைக்கும் பொதுவான பதவிப் பெயராக நீடித்ததை நோக்க, மாற்றம் பெயரளவில் நின்றமை புலனாகும். போர் குழு 1946இல் அறிக்கை அளித்தபோது, பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் மனநோய் மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 10,000 மட்டுமே.

1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைத்தலை இச்சட்டம் தடை செய்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இன்றி மின்னதிர்வுச் சிகிச்சை அளித்தலையும் தடுக்கிறது. குடும்பம் இல்லை என்பதனாலேயே ஒருவரை மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருத்தல் கூடாது எனவும் விதிக்கிறது. 1858இல் அடைத்தல் பற்றிப் பேசிய சட்டம், 160 ஆண்டுகளில் உரிமை பற்றிப் பேசும் சட்டமாக வளர்ந்தது.

மருந்துகளின் வரவு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை மனநோய்க்கெனத் தனி மருந்து இல்லை. புரோமைடு, குளோரால் ஹைட்ரேட், பாரால்டிகைடு முதலியவை உறக்கத்தைத் தந்தன, நோயைத் தணிக்கவில்லை. மலேரியாக் காய்ச்சலை உண்டாக்கும் முறை 1917இலும், மின்னதிர்வுச் சிகிச்சை 1938இலும் தோன்றின.

இந்திய மண்ணுக்குரிய சர்ப்பகந்தி இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. தமிழில் சிவன் அமல்பொடி எனவும் மலையாளத்தில் அமல்பொரி எனவும் இச்செடி வழங்கப்படும். இதன் வேரைப் பித்து நீக்கும் மருந்தாக மக்கள் நெடுங்காலம் பயன்படுத்தினர். மனநோய்க்கும் மிகு குருதியழுத்தத்திற்கும் இது பயன்படுதலை 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதி வெளியிட்டனர். இவ்வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் பாரிசில் டெலே, டெனிக்கர் ஆகிய மருத்துவர்கள் குளோர்ப்ரோமசினை மனநோயர்க்கு அளித்துப் பயன் கண்டனர். மனச்சோர்வையும் குருதியழுத்தத் தாழ்வையும் உண்டாக்குதலால் ரெசர்பின் மனநோய் மருத்துவத்தில் பின்தங்கியது. குளோர்ப்ரோமசின் உலகெங்கும் பரவியது. லித்தியத்தின் பயன் 1949இல் ஆஸ்திரேலியாவில் கேட் என்பவரால் வெளிப்படுத்தப்பட்டது. இமிப்பிரமின் 1957இலும் ஹாலோபெரிடால் 1958இலும் தொடர்ந்தன. மனச்சிதைவு, இருதுருவ மனநோய், மனச்சோர்வு ஆகிய மூன்றுக்கும் பத்தாண்டுகளுக்குள் மருந்து கிடைத்தது மருத்துவ வரலாற்றில் அரிய நிகழ்வாகும்.

எனினும் இம்மருந்துகள் கொடுத்துவிட்டு அகலத்தக்கன அல்ல. ஹாலோபெரிடால் பெற்றவர்க்குக் கழுத்தும் விழியும் ஒருபுறம் இழுத்துக்கொள்ளுதல், கை நடுக்கம், ஓரிடத்தில் இருக்க இயலாத தவிப்பு ஆகியன தோன்றக்கூடும். அத்தவிப்பை நோயின் கொந்தளிப்பு எனப் பிறழ உணர்ந்து மருந்தைக் கூட்டினால், துன்பம் பெருகும். லித்தியம் குருதியில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருத்தல் வேண்டும். கடுங்கோடையிலோ வயிற்றுப்போக்கிலோ உடல் நீர் குறையின் அவ்வளவு மிகுந்து நஞ்சாகும். வாந்தியும் தள்ளாட்டமும் அதன் முன்னறிகுறிகள். குளோசபின் பெறுவோர்க்கு வெள்ளணுக்களின் எண்ணிக்கையை ஒழுங்காகக் கணக்கிடுதல் வேண்டும். மாத்திரையை நாவின்கீழ் ஒளித்து வைப்பவரும் உண்டு. இவற்றை முதலிற் காண்பவர், நாளில் ஒருமுறை வந்து செல்லும் மருத்துவர் அல்லர். இரவும் பகலும் கூடத்தில் இருக்கும் செவிலியரே.

செவிலியர் பணியின் வளர்ச்சி

மனநோய்ச் செவிலியர் பயிற்சி இந்தியாவில் மெல்லவே வளர்ந்தது. 1943இல் சென்னை மனநோய் மருத்துவமனையில் ஆண் செவிலிய மாணவர்க்கு மூன்று மாதப் பயிற்சி அளிக்கப்பட்டது. மகப்பேற்றுப் பயிற்சிக்கு ஈடாக அது அமைந்தது என்பது அக்காலப் பாடத்திட்டத்தில் இத்துறை பெற்ற இடத்தைக் காட்டும். பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட அகில இந்திய மனநல நிறுவனம் பின்னர்ச் செவிலியர்க்கெனத் தனிப் பட்டயப் படிப்பை நடத்தியது. 1965இல் இளங்கலைச் செவிலியர் கல்வியில் மனநோய்ச் செவிலியம் கட்டாயப் பாடமாயிற்று. அமெரிக்காவில் ஹில்டெகார்ட் பெப்லாவ் 1952இல் வெளியிட்ட நூல், செவிலியர்க்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே மருத்துவத்தின் பகுதி என்னும் கொள்கையை முன்வைத்தது. குளோர்ப்ரோமசின் தோன்றிய ஆண்டும் அதுவே. மருந்தும் உறவும் ஒரே ஆண்டில் இத்துறைக்குள் நுழைந்தன.

சென்னையில் 1961இல் மருத்துவமனைப் பொறுப்பை ஏற்ற மருத்துவர் சாரதா மேனன், பின்னர் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவி, மறுவாழ்வைச் சிகிச்சையின் பகுதியாக்கினார். 1982இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் வழியில் மாவட்ட மனநலத் திட்டம் 1990களின் இறுதியில் திருவனந்தபுரத்திற்கும் வந்தது. நோயாளி ஊளம்பாறைக்கு வருதல் என்னும் நிலை, மருத்துவக் குழு நோயாளியின் ஊருக்குச் செல்லுதல் என்னும் நிலையாக மாறத் தொடங்கியது.

இரு நிகழ்வுகள்

இம்மாற்றம் முழுமை பெறவில்லை என்பதற்கு இரு நிகழ்வுகள் சான்றாகும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயர் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். குளோர்ப்ரோமசின் கண்டறியப்பட்டு அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. பின்னாளில் தமிழக அரசு ஏர்வாடியில் வழிபாட்டோடு மருந்தையும் இணைக்கும் திட்டத்தை மேற்கொண்டது. நம்பிக்கையைப் பழிக்காமல் அதன் அருகிலேயே மருத்துவத்தை வைத்தது அத்திட்டத்தின் சிறப்பு.

இரண்டாவது நிகழ்வு திருவனந்தபுரத்திலேயே நிகழ்ந்தது. காவல்துறையால் கைது செய்யப்பட்ட பிற மாநில மாணவர் ஒருவர் 2012 ஆகஸ்டில் பேரூர்க்கடை மனநல மையத்திற்கு அனுப்பப்பட்டு, சில நாள்களுக்குள் அங்கே தாக்கப்பட்டு உயிரிழந்தார். ஏர்வாடியில் மருத்துவம் இல்லை. இங்கு மருத்துவமனையே இருந்தது. இரண்டிலும் பொதுவாக இல்லாதது, நோயாளியை மனிதராகக் கருதி அருகிருந்து நோக்கும் கண்ணாகும். சங்கிலி ஓரிடத்தில் இரும்பாக இருந்தது. மற்றோரிடத்தில் பூட்டிய கதவாக இருந்தது.

முடிவுரை

ஊளம்பாறை மருத்துவமனையின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை நோக்க, பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மனநோயர் நிறுவனங்கள் காவலிலிருந்து தொடங்கின. சட்டம் அக்காவலைப் படிப்படியாகத் தளர்த்தி, உரிமையை நிலைநாட்டியது. மருந்து, நோயின் கடுமையைத் தணித்து, வீடு திரும்புதலை இயல்வதாக்கியது. ஆயினும் சட்டம் ஏட்டிலும் மருந்து பெட்டியிலும் இருக்க, நோயாளியின் அருகில் இருப்பவர் வார்டராக இருப்பின் காப்பகம் சிறையே ஆகும். பயிற்சி பெற்ற செவிலியர், நோயாளியின் மொழியறிந்து, மருந்தின் விளைவறிந்து, அச்சம் நீக்கி உடனிருக்கும்போதே 'காப்பு' என்னும் சொல் தன் முதற்பொருளைப் பெறுகிறது. மனநலத்திற்கென ஒதுக்கப்படும் நிதியில் மருந்துக்கும் கட்டடத்திற்கும் அளிக்கப்படும் முதன்மை, கூடத்தில் நிற்கும் செவிலியரின் எண்ணிக்கைக்கும் பயிற்சிக்கும் அளிக்கப்படல் வேண்டும். ஊளம்பாறை என்னும் ஊர்ப்பெயர் வசையிலிருந்து மீள்வதும் அதனைப் பொறுத்ததேயாகும்.