பால் பத்தல

"பால் பத்தல, அம்மிணி." 1984இல் பொள்ளாச்சியில் என் தலைப்பிள்ளை ஒன்றரை மாதத்தில் ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து அழுதபோது மாமியார் சொன்னது இது. இந்த இரண்டு சொல்லுக்கு எங்கள் பக்கம் ஒவ்வொரு காலத்திலும் ஒரு மருந்து இருந்திருக்கிறது.

என் அம்மிச்சி காலத்தில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவார்கள். மஞ்சளாகப் பிசுபிசுவென்று இருப்பதால் குழந்தைக்கு ஆகாதாம். பதிலுக்கு, பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணியைச் சேனையாக நாக்கில் தொட்டுவைப்பார். தெருவில் கழுதையோடு வருகிறவரிடம் ஒரு சங்கு பால் கறந்து வாங்கிப் புகட்டுவார்கள். ஆனால் ராத்திரியை அவர்கள் சரியாகவே பார்த்துக்கொண்டார்கள். விட்டத்தில் பழைய சேலைத் தூளி, அதன் பக்கத்திலேயே தாயின் பாய். அழுதால் எடுத்து, பால் கொடுத்து, மறுபடி தூளியில் போட்டு ஆட்டுவார்கள். மணி பார்க்க வீட்டில் கடிகாரமே கிடையாது.

கடிகாரம் பால்மாவு டப்பாவோடு வந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால், ராத்திரியில் கூடாது என்ற முறையை நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங் 1907 முதல் பரப்பினார். பின்னால், எருமைப்பாலில் குழந்தைப் பால்மாவு செய்ய மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வழி கண்டுபிடிக்க, அமுல் அதைத் தயாரித்தது.

எங்கள் வீட்டுக்கும் கடைவீதியிலிருந்து ஒரு டப்பா வந்தது. அதன் முதுகில் அட்டவணை: எத்தனை மாதத்துக்கு எத்தனை கரண்டி, நாளைக்கு எத்தனை முறை. தூளி பக்கத்தில் டைம்பீஸ் வைத்தேன். குழந்தை புட்டிப்பாலை வயிறு முட்டக் குடித்துத் தூங்கியது. எனக்கு ராத்திரியில் ரவிக்கை நனைந்தது. பத்துப் பதினைந்து நாளில் அதுவும் நின்றுபோனது. அப்போதுதான் நிஜமாகவே பால் பத்தவில்லை.

1988இல் இரண்டாவது பிள்ளையும் அதே ஆறாவது வாரத்தில் விடிய விடிய அழுதது. வீட்டுக்கு வந்த கிராமச் செவிலியர், "விட்டுருங்க, சப்பட்டும். ரெண்டு மூணு நாள் தூக்கம் போகும், அவ்வளவுதானுங்க" என்றார். நாலாம் நாள் குழந்தை அடங்கியது. சப்பச் சப்பத்தான் பால் ஊறும். ஊறவைக்கும் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம். மூன்றாவது வாரம், ஆறாவது வாரம், மூன்றாம் மாதம் என்று வேகமாக வளரும் நாட்களில் குழந்தை அடிக்கடி கேட்டுக் குடித்து, தனக்கு வேண்டியதைத் தானே ஊறவைத்துக்கொள்கிறது.

1992இல் வந்த சட்டம் பால்மாவு விளம்பரத்தைத் தடுத்தது. டப்பாவில் குழந்தைப் படமும் கூடாது என்றது. அதுவரை நான்கிலிருந்து ஆறு மாதம் என்று சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனம், 2001இல் ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும் போதும் என்றது. தண்ணீர்கூட வேண்டாம்.

ஆனாலும் போன மாதம் என் மகளிடம் பக்கத்து வீட்டு அக்கா அதே "பால் பத்தல"யைத்தான் சொன்னார். உங்களிடமும் யாராவது சொன்னால், கடைக்குப் போகும் முன் ஒரு நாள் முழுக்க எண்ணிப் பாருங்கள். குழந்தை ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போய், எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் பத்துகிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.